பிளேடால் சுரண்டிய பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பாரிஸிலிருந்து நான் அனுப்பிய காங்கோ இசைத்தட்டை உங்கள் ராட்சத ஸ்பீக்கரில் போட்டதும் கார்த்தஹேனாவில் நம் தெருவே ஆடியதாம்; தங்கை சொன்னாள். ஆனால் மற்ற தெரு ஸ்பீக்கர்காரர்கள் அதைத் தேடி வாங்கிவிடக் கூடாதென்று, வழக்கம்போல் தட்டிலிருந்த பாடகர் பெயரை பிளேடால் சுரண்டிவிட்டீர்களாமே! பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

அதைத் தந்தவள் என்னோடு ஹோட்டல் அறைகளைக் கூட்டும் எம்புயி. பாடியவர் செத்துப்போன அவளுடைய அண்ணன். "ஏண்டி, எங்கண்ணன் பேரு இப்ப உங்க ஊருக்கே தெரியும்ல?" என்று தினமும் கேட்கிறாள். "தெருவே சொல்லுதுடி" என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் பெயர் கசோங்கோ. ஸ்பீக்கர் பெட்டியில், உங்கள் பெயருக்கு மேலே, பெரிதாக எழுதுங்கள். படமெடுத்து அனுப்புங்கள், நம் வீட்டு வாசலும் அதில் தெரியட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கீழே எம்புயி காத்திருக்கிறாள்.

கோபத்துடன்,
மகள் யோர்லேய்தீஸ்