அந்தக் கடைசி ஐந்து நிமிடம்

அருமை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டது. இனிச் சுகம் விசாரித்து எழுத வழியில்லை. ஆனால் எனக்கு ஒரு பொறாமை இருக்கிறது, அதை உங்களைத் தவிர யாருக்கு எழுதுவேன்?

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த உங்கள் நினைவுப் புத்தகத்தில், அந்தக் கல்வெட்டில், தேவாரமும் வம்சாவளியும் முடிந்த கையோடு, உங்கள் கூட்டாளி பாஸ்கரண்ணை ரொறன்ரோவிலிருந்து எழுதிய இரண்டு பக்கம் இருந்தது. மற்றவர்கள் உங்கள் நல்ல குணத்தை எழுத, அவர் நீங்கள் உயிராய்க் கேட்ட அந்த இங்கிலாந்து ரொக் குழுவின் ஐந்து அல்பங்களையும் வரிசைப்படுத்தியிருந்தார். உங்களுக்கு நாலாவதுதான் முதலிடமாம். கசற்றின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிடம். அதன் கடைசி ஐந்து நிமிடத்தில் தாளம் மெல்ல மெல்லத் தளர்ந்து போகும் அழகு வேறெந்தப் பாட்டிலும் இல்லை என்பீர்களாம். "நாங்கள் இருவருமாகக் கேட்டோம்" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன்.

இருவருமா? கரண்ட் இல்லாத அந்த யுத்த வருடங்களில் இணுவில் வீட்டு விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரைக் கசற் ரேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றியது யார்? எனக்குப் பதின்மூன்று வயது. நீங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பீர்கள். டைனமோ இரைச்சலுக்குள் எனக்குப் பாதிப் பாட்டுத்தான் கேட்கும். யாராவது கை மாறுங்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, "இப்ப கதையாதை, நல்ல இடம் வருது" என்றீர்கள்.

எனக்கும் ஒரு வரிசை உண்டு, அண்ணை. யார் கேட்டீர்கள்? எனக்கு முதலாவது அல்பம்தான் பிடிக்கும். சின்னச் சின்னப் பாட்டுகள், இடையில் கை ஆறலாம். இரண்டாவதில் ஒரு புல்லாங்குழல் வரும், அது இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். நாலாவது கண்ணிலும் காட்டக்கூடாது.

போன மாதம் மகள் தன் போனில் அந்த நாலாவதைத் தேடிப் போட்டுத் தந்தாள். சமைத்தபடி கேட்டேன். கடைசி ஐந்து நிமிடம் வந்தது. தாளம் தளரவேயில்லை, தொடங்கிய வேகத்திலேயே ஓடி முடிந்தது. திரும்பப் போட்டேன், அப்படித்தான். தளர்ந்தது அவர்களின் தாளம் இல்லை, என் கை.

எனக்கு வந்த சந்தோசத்தில் கறி அடிப்பிடித்துவிட்டது. பாஸ்கரண்ணை உங்கள் முதல் வருட ஆட்டைத்திவசத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தார். சாப்பாடு முடிந்ததும் போனில் போட்டுக் காட்டினேன். அவருடைய முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அவரோ சிரித்தார்.

"ஓம் தங்கச்சி, எனக்குத் தெரியும். கனடா போன உடனை சீடி வாங்கிக் கேட்டனான். உன்ரை அண்ணைக்கும் ஒண்டு அனுப்பினனான். ஒருக்காக் கேட்டுட்டு, இது எங்கடை பாட்டு இல்லை, தங்கச்சி சுத்தினதுதான் பாட்டு எண்டு எழுதினவன்."

குசினிக்குள் போய் அழுதேன். அழுது முடிய ஆத்திரம் வந்தது. அதை ஏன் அவருக்கு எழுதினீர்கள்? நான் பக்கத்து வளவில்தானே இருந்தேன்? வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் தினமும் கறி கை மாறிய எங்களுக்குள் இந்த ஒரு வசனம் கை மாறவில்லையே. அந்தக் கடிதத்தைத் தாருங்கள் என்று கேட்டேன். தரமாட்டாராம், படமெடுத்து அனுப்புகிறாராம்.

உங்கள் நாலாவது கசற் என்னிடம்தான் இருக்கிறது. சைக்கிளும் இருக்கிறது, டைனமோதான் தேட வேண்டும். அடுத்த திவசத்துக்கு அவர் வரும்போது அவரைச் சுற்ற வைத்துவிட்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்பேன். கை நோகுது என்று அவர் சொன்னால், நல்ல இடம் வருது, கதையாதையுங்கோ என்பேன். இது சத்தியம்.

சுற்றினவள்,
உங்கள் ஒரே தங்கச்சி
சுமதி