மந்தி தின்ற மிச்சம்

இன்று என் இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொண்டன, மச்சாள். மகள் சந்தையில் பாலைப்பழம் வாங்கி வந்திருந்தாள். ஆசைப்பட்டு அள்ளித் தின்றேன், பழத்தின் பால் பிசின்போலப் பிடித்துவிட்டது. நீ இருந்திருந்தால், "இப்பயாவது உன்ட வாய் மூடிச்சே" என்று சிரித்திருப்பாய்.

சண்டைக் காலத்தில் பழுகாமத்தை விட்டு ஓடி, வயல் வட்டைகளைக் கடந்து, மேற்கே அந்த அரசாங்க ஒதுக்குக் காட்டுக்குள் கிடந்தோமே, அப்போதும் பாலைப்பழக் காலந்தான். கொண்டுபோன அரிசி தீர்ந்துவிட்டது. என் மகள் அழக்கூடத் தெம்பில்லாமல் மடியில் சுருண்டிருந்தாள். மரம் நிறையப் பழம். எல்லாம் எட்டாத உயரத்தில். அங்கே மந்திகள் விருந்து கொண்டாடின. எனக்கு வந்த கோபத்தில் கல்லெடுத்து எறிந்தேன். கூட்டம் அடுத்த மரத்துக்குத் தாவியது. அதன் பிறகு எங்கள் மரத்திலிருந்து ஒரு பழமும் விழவில்லை.

நீதான் கவனித்தாய். மந்திகள் போன மரத்தின் கீழே மான்கள் வந்து நின்றன. மேலே அவை பாதியைத் தின்று மீதியைக் கொப்போடு முறித்துப் போட, கீழே இவை பொறுக்கின. நான் மறுபடியும் கல்லுக்குக் குனிந்தபோது என் கையைப் பிடித்தாய்.

"கல்லக் கீழ போடுகா. அதுகள் திண்டாத்தான் நமக்கும் விழும்."

மந்தியின் எச்சிலை என் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேன் என்று நின்றேன். பசியிலும் என் வீறாப்புக்குக் குறைவில்லை. கடிபட்ட பழமொன்றை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, முதலில் நீ தின்றாய். அடுத்ததை மகளின் வாயில் வைத்தாய். அவள் சப்பி விழுங்கிவிட்டு, இன்னொன்றுக்கு வாயைத் திறந்தாள். அந்த வாயைப் பார்த்த பிறகு எச்சிலாவது ஒன்றாவது.

ஊர் திரும்பும்வரை மான்களோடு மான்களாகப் பொறுக்கித்தான் சீவித்தோம். காலையில் மந்திகள் வரவேண்டுமே என்று சாமிக்கு நேர்த்தி வைத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீ கண்மூடி ஒரு வருடமாகிறது. உன்னைத் தேடாத நாளில்லை. காடு அங்கேதான் இருக்கிறது, பாலையும் காய்க்கிறது. எங்கள் வீட்டு வளவு நாவல் மரத்துக்கு மந்திகள் வந்தால் பக்கத்து வீட்டார் கல்லெடுக்கிறார்கள். நான் வேலியருகே நின்று அந்த வீட்டாரை ஏசுகிறேன்.

இன்றைய பழங்களில் ஒன்றில் பல் பட்டிருந்தது. "எச்சில், அம்மா" என்று மகள் அதை எறியப் போனாள். அவளுக்கு அந்தக் காடு நினைவில் இல்லை. நான் கையை நீட்டி வாங்கி, சேலைத் தலைப்பில் துடைத்து, அவளைப் பார்த்தபடியே தின்றேன்.