வெறும் வெங்காயம் கோத்த கம்பி

பஸ்ரா, 1943

அன்புள்ள மதலேனுக்கு மிக்கேல் எழுதுவது. ஏலாக்குறிச்சி மாதா தயவில் நான் சுகம். உன் உடம்பு தேறியதா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

நம் குழந்தை பிறந்து தவறிய சேதி மாமா எழுதித்தான் வந்தது. அப்போது பட்டாளத்துச் சமையற்கட்டில் துரைமார் விருந்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். விதை முற்றாத கத்தரிக்காய், கெட்டித் தக்காளி, வெங்காயம் மூன்றையும் உப்பும் எண்ணெயும் தடவி, இரும்புக் கம்பியில் கோத்துத் தணலில் சுட வேண்டும்.

"நீ போயி படு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார் கூட வேலை செய்யும் திருச்சி யூசுப் பாய்.

"வேணாம் பாய். கை அது பாட்டுக்குச் செய்யும்" என்றேன்.

ஒரு கம்பி முழுக்க வெங்காயமாகவே கோத்திருக்கிறேன். பாய்தான் பார்த்துக் கழற்றி வைத்தார். வேறொன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

ஊறுகாய் அனுப்பாதே, வழியில் கெட்டுவிடும். பிள்ளைக்கு என்ன பேர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று மாமா எழுதவில்லை. அதை மட்டும் எழுது. தபால் லாரி கிளம்புகிறது.

உன்
மிக்கேல்