காதில் எடுத்த ஒரு சொட்டு

செவ்வாய், இரவு.

கெடாரில் முருகேசன் அண்ணனின் பசு திடீரென்று செத்துவிட்டது. தொடை வீங்கியிருந்ததால் சப்பை நோய் என்றார்கள். அண்ணன் கத்தியோடு நின்றார். "கீறிப் பாத்தா தெரிஞ்சுடும் டாக்டரம்மா."

கையுறையோடு வீக்கத்தை அழுத்தினேன். சப்பை நோய் என்றால் நொறநொறவென்று கேட்கும், கேட்கவில்லை. மூக்கில் உறையாத ரத்தம். அடைப்பானாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருந்தால், கீறுகிறவருக்கும் தொற்றிவிடும்.

"காதுல ஒரு சொட்டு ரத்தம் போதும்ணா. கத்தி வேணாம்."

"பேஜாரு பண்றீங்களேம்மா" என்று முறைத்தார். நான் நகரவில்லை.

விழுப்புரம் ஆய்வகத்தில் சாயமேற்றிப் பார்த்தேன். நீலக் குச்சிகளாகக் கிருமிகள், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை. அடைப்பானேதான்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "கீறியிருந்தா, மாட்டுக் காலப் புடிச்சிக்கினு நிக்க எம் பொண்டாட்டியதாம்மா கூப்ட்டிருப்பேன்" என்றார்.

பசு போனது போனதுதான். ஆனாலும் கர்வமாக இருக்கிறது. இருக்கட்டும்.