கசற்றில் பாதியில் நின்ற பாட்டு

கொக்குவில்
18.01.2025

அன்புள்ள மகள் ஜெயனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் மருமகனும் குட்டிப் பேரனும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். அங்கேயிருந்து லீவில் வந்த கொலின்ஸிடம் நீ கொடுத்துவிட்ட சீடி உடையாமல் வந்து சேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த சின்தசைசர் பாட்டுகளில் நல்லதாக இருபதைப் பொறுக்கி ஒரே தட்டில் போட்டிருக்கிறார்கள், தையல் மெசின் ஓடுகிற மாதிரி அதே தாளம், இந்த முழங்கால் நோவோடும் என் கால் தானாக ஆடியது.

அதில் பதினோராவது பாட்டுத்தான் விசயம். கலியாணத்துக்கு முதல் அப்பா ரவுணில், பாட்டுப் பதிந்து விற்கிற றெக்கோடிங் பார் கடையில் வேலை செய்தபோது எனக்குப் பதிந்து தந்த கசற்றில், நாடா போதாமல் அந்தப் பாட்டு பாதியில் நின்றுவிடும். மிச்சம் எப்படி முடியும் என்று நாற்பது வருடமாக எங்களுக்குள் சண்டை என்பது உனக்குத் தெரியும், படக்கென்று நிற்கும் என்பேன் நான், மெல்ல மெல்லத் தேய்ந்து போகும் என்பார் அவர். சித்திரையில் பேரனின் ஞானஸ்நானத்துக்கு நான் தனியே வரவேண்டி வருமே என்று அழுதுகொண்டிருந்தேன். நீ எங்களைக் கேளாமல் கலியாணம் முடித்த அன்று, லண்டன் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன் என்ற அப்பாவுக்கு, உன்னோடு கதைக்கத் தொடங்கிய பிறகும் அந்தச் சொல்லை விழுங்க மனம் வரவில்லை. சீடியைக் கண்டதும் அவராகவே பந்தயம் கட்டினார், நீர் சொன்னது சரியெண்டால் நானும் உம்மோடை வாறன் என்று. பந்தயம் பிடிப்பது பாவம் என்று போதகர் சொன்னாலும் நான் ஓம் என்றேன். பாட்டு படக்கென்று நின்றது. நான் குசினிக்குள் போய்த் துள்ளினேன். அவர், என்ன செய்யிறது, வாக்குக் குடுத்திட்டன் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சவரம் செய்து, புதுச் சட்டையும் போட்டு, அன்றே பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போனார்.

அவர் போன பிறகுதான் யோசித்தேன். றெக்கோடிங் பாரில் இருந்த அந்த வருடம் அந்தப் பாட்டைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் முழுதாகப் பதிந்து கொடுத்தவர் அவர்தானே. என்னைச் சீண்டத்தான் இத்தனை காலமும் பிழையாகச் சொல்லியிருக்கிறார், இப்போது உன்னிடம் வருவதற்கு அந்தப் பிழை உதவியது.

பிள்ளையைத் தொப்பியில்லாமல் வெளியே கொண்டுபோகாதே. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொண்டு வருவேன். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் செட்டையின் கீழ் வைத்துக் காப்பாராக. ஒன்று மறவாதே, விமான நிலையத்தில் அப்பாவைக் கண்டதும், தோற்றுத்தானே வந்தீர்கள் என்று கேள். அவர் ஓம் என்பார். நீயும் நம்பிவிடு.

பந்தயத்தில் வென்ற உன் அம்மா,
சீலா