ரப்பர் அடைப்பான்

மார்ச் 4

ஆய்வகத்தில் எனக்கு இட்டிருக்கும் பெயர் ‘சட்டாம்பிள்ளை’ என்பது இன்றுதான் தெரிந்தது. நான் வாசலில் நிற்பதைக் கவனிக்காமல் கருவியறைக்காரர் சொன்னார்: “சட்டாம்பிள்ளை வர்றதுக்குள்ள கையுறைய மாட்டுங்கப்பா.” வருத்தமில்லை. மாட்டினார்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி என்பது இளைஞர்கள் தங்கிச் செல்லும் சத்திரம். நான் அதில் ஐம்பது வயதிலும் குடியிருப்பவன். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. மேலும் நீட்டிக்க விதியில் இடமில்லை. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்பட்டால் நிரந்தரப் பணி என்று ஆய்வகத் தலைவர் வாக்களித்திருக்கிறார். படிக்கும் காலத்தில் அவர் எனக்கு இளையவர். இன்றும் ‘அண்ணா’ என்கிறார். நான் ‘சார்’ என்கிறேன்.

மார்ச் 9

மனைவி பிளாஸ்டிக் டப்பாவோடு சாப்பாட்டைச் சூடுபடுத்தப் போனாள். தடுத்துப் பீங்கானுக்கு மாற்றினேன். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் ரசாயனம் சூடு பட்டால் உணவில் இறங்கும். உடலுக்குள் ஹார்மோனாக வேடமிட்டு ஆட்டிப்படைக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிரியைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்பதே எங்கள் கட்டுரை.

“உங்க கிருமிக்கு மட்டும் தினமும் அதையே ஊட்டி வளக்குறீங்க. நாங்க என்ன பாவம் பண்ணோம்?” என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 17

ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேட்கிறார்: கொல்லப்பட்ட உயிரிகளை வைத்துச் சோதித்தீர்களா? நியாயமான கேள்வி. செத்தது தின்னாது என்று காட்டிவிட்டால் முடிந்தது.

சூடேற்றிக் கொன்று குடுவைகளில் இட்டேன். செத்ததையும் உயிருள்ளதைப் போலவே நடத்த வேண்டும்: அதே ஊடகம், அதே வெப்பம், ஊசி குத்தி மாதிரி எடுக்க அதே ரப்பர் அடைப்பான்.

மார்ச் 26

செத்தவையும் தின்றிருக்கின்றன.

மார்ச் 27

ரப்பர்தான் தின்றிருக்கிறது. அடைப்பான்களைக் கரைப்பானில் ஊறவைத்துப் பார்த்தேன். காணாமற்போன ரசாயனம் அத்தனையும் அங்கே இருந்தது.

உயிரிகளே இல்லாத ஒப்பீட்டுக் குடுவைகளில் ஒருபோதும் அது குறைந்ததில்லை. குறையாதுதான். அவற்றுக்குக் கண்ணாடி மூடி. ஊசி செலுத்த வேண்டியவற்றுக்கு மட்டும் ரப்பர். காற்றுப் புகக்கூடாது என்று அந்த விதியை வகுத்தவன் யார்? நானே.

மார்ச் 30

தலைவரிடம் சொன்னேன். அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“செத்ததுக்கெல்லாம் எதுக்குண்ணா பந்தி வச்சீங்க?”

“மதிப்பீட்டாளர் கேட்டார், சார்.”

“சரி. செத்தத கண்ணாடி மூடி போட்ட குடுவைல வைங்க. குறையாது. அந்த அளவ அனுப்புங்க. அதுல ஒரு எண்ணாவது பொய்யா? சொல்லுங்க.”

இல்லை. ஒவ்வோர் எண்ணும் உண்மை. மொத்தம் மட்டும் பொய்.

“அது தப்பு, தம்பி.” வாய் தவறி வந்துவிட்டது. அவர் முகம் மாறியது.

“யோசிச்சுச் சொல்லுங்க, டாக்டர்.”

ஏப்ரல் 3

மனைவியிடம் சொன்னேன். எனக்காக மருந்தகப் பணியை விட்டுவிட்டு வந்தவள். மகளுக்குப் பள்ளியில் இது கடைசிக்கு முந்தைய ஆண்டு. நாங்கள் இந்த நாட்டில் தங்கும் அனுமதி என் பணியோடு கட்டுண்டது.

வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “உயிருள்ளதையும் கண்ணாடிக்குள்ள வச்சுப் பாருங்களேன். நிஜமாவே தின்னுச்சுன்னா யாருக்கும் தலை குனிய வேண்டாமே?” என்றாள்.

எனக்கும் அந்த ஒரே நப்பாசைதான்.

ஏப்ரல் 12

கண்ணாடியில் உயிருள்ளவையும் தின்னவில்லை.

ஏப்ரல் 18

என்னத்த எழுதுறது. முன்னே போனா கடிக்குது, பின்னே போனா உதைக்குது. ஆய்வு நெறிமுறைக் கையேட்டை முதலிலிருந்து படித்தேன். எண்ணைத் திருத்தாதே என்கிறது, எண்ணை மறைக்காதே என்கிறது. மூடியைப் பற்றி ஒரு வரி இல்லை. மறைப்பதில் அடைப்பானும் அடங்கும் என்பது கையேடு இல்லாமலே தெரியுமே — பின் எதைத் தேடினேன்?

தலைவர் இன்னும் ‘டாக்டர்’ என்றே அழைக்கிறார்.

“குளிக்கும்போது தனியா பேசிக்கிறீங்க. வெளிய கேக்குது,” என்றாள் மனைவி. என்ன பேசினேன் என்று கேட்டேன். “‘அம்பது வயசுக்காரன எவன் எடுப்பான்’னு. அதையே திருப்பித் திருப்பி.”

ஏப்ரல் 24

செத்த உயிரிகளைக் கண்ணாடி மூடியிட்ட குடுவைகளில் வைத்தேன். கையுறை அணிந்திருந்தேன்.

ஜூன் 20

கட்டுரை ஏற்கப்பட்டது. பணி ஆணையும் வந்துவிட்டது. தலைவர் எல்லோர் முன்னிலும் என் தோளில் கைபோட்டார். “அண்ணா, வீட்டுல சொல்லிட்டீங்களா?”

வீட்டில் மகிழ்ச்சி. பேச்சு சுவாரசியத்தில் மனைவி பிளாஸ்டிக் டப்பாவோடு சாப்பாட்டை மைக்ரோவேவில் வைத்துவிட்டாள். அது உள்ளே சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் டப்பாவைத் திறந்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மகள் என் நெற்றியில் கைவைத்தாள். “அப்பா, உடம்பு சரியில்லையா?” பதிலுக்குக் காத்திராமல் வெப்பமானியைக் கொண்டுவந்து என் நாக்கின் அடியில் வைத்தாள்.

அளவு சரியாகவே இருந்தது.