மாட்டுங்கா விலாசம்

3-6-1946, திங்கள்

இன்றோடு ஐந்து கம்பெனி. லாரி ஓட்டத் தெரியுமா என்று கேட்டவன் ஒருவன்தான். மற்ற நாலு பேரும் முதலில் கேட்டது, வீடு எங்கே என்று. தாராவி என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. சிவ்ரி கம்பெனிக்காரன் என் பட்டாளத்து சர்டிபிகேட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தான். மணிப்பூர் மலைப்பாதையில் மூன்று வருஷம் ராணுவ லாரி ஓட்டியிருக்கிறேன். இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். கப்பல் சரக்கு இறங்கியதும் டிரைவர் வீட்டுக்கு ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அரை மணியில் லாரி கிளம்ப வேண்டும். பைகுல்லா, வடாலா என்றால் தெருவுக்குப் பெயர் உண்டு, கதவுக்கு நம்பர் உண்டு. எங்கள் வீடு? முருகம்மாள் இட்லிக் கடைக்குப் பின்னால், குழாயைத் தாண்டி, சாக்கடைப் பலகை ஏறி இடது கைப்பக்கம். இதை எந்த விண்ணப்பப் பாரத்தில் எழுதுவது?

5-6-1946, புதன்

என் மனைவி செண்பகத்தின் அண்ணன் அய்யாத்துரை வந்திருந்தார். இங்கே தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. “எதுக்கு மாப்ள ஊரச் சுத்துதீரு? எங்கூட வாரும். ஆடி முடியதுக்குள்ள சொல்லிரும், அதுக்கு மேல இடம் இருக்காது” என்றார். நல்ல மனுஷர். அவர் உட்கார்ந்து எழுந்துபோன பாயை செண்பகம் தோல் வாடை போக மழைக்கு முன் வெயிலில் போட்டாள், அவருக்குத் தெரியாமல்.

நான் போக மாட்டேன். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் ஒரு மாதம் நின்றால் அந்த வாடை தோலுக்குள் போய்விடும். பிறகு எந்த சேட் என்னைத் தன் லாரியில் ஏறவிடுவான்? ஒரு தடவை இறங்கினால் இறங்கினதுதான்.

12-6-1946

வடாலாவில் ஒரு சாலில், வரிசை வீட்டுக் கட்டடத்தில், அறை காலி என்று போய்ப் பார்த்தேன். எங்கே வேலை என்று வீட்டுக்காரன் கேட்டான். இல்லை என்றேன். வேலை கிடைத்ததும் வா என்றான். கம்பெனிக்காரன் வீடு கிடைத்ததும் வா என்கிறான். நான் எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

19-6-1946

மழை. சந்தில் முழங்கால் தண்ணீர். எங்கும் போகவில்லை.

24-6-1946, திங்கள்

கடைசியில் கேட்டுவிட்டேன். செண்பகம் பாத்திரம் தேய்க்கும் வீடு மாட்டுங்காவில், இரண்டாம் மாடி. பின்படி வழியாக ஏறிப் போய் வேங்கடசுப்ரமணிய ஐயரைப் பார்த்து, கம்பெனிக் கார்டு அவர் விலாசத்துக்கு வந்தால் வாங்கி வைப்பாரா என்று கேட்டேன். ரயில்வேயில் ஹெட் கிளார்க். பேப்பரை மடித்துவைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “கார்டு வந்தா வாங்கி வெக்கறேன், அதுக்கென்ன. ஆனா இங்கேயே குடியிருக்கேன்னு மட்டும் எழுதப்படாது, புரியறதா?”

புரிந்தது என்றேன்.

26-6-1946, புதன்

எழுதிவிட்டேன். வசிக்குமிடம் என்ற கோட்டில் அவர் பெயரையும் கட்டட நம்பரையும் முழுசாக எழுதினேன். 

வடாலா கம்பெனி. மானேஜர் பாரத்தைப் படித்தார். மாட்டுங்கா? பைட்டோ, பைட்டோ என்று நாற்காலியைக் காட்டினார். ஒரு மாதமாக பம்பாய் முழுக்க நின்றுகொண்டே பேசியவனுக்கு இன்றைக்குத்தான் நாற்காலி. அப்புறம் லாரியைக் கொடுத்தார். குடோனுக்கும் சுவருக்கும் நடுவே ரிவர்ஸில் எடுத்தேன், ஒரே தடவையில். பேஷ் என்றார். இடம் காலியானதும் கார்டு வரும், அன்றைக்கே வந்து நிற்க வேண்டும், அதுவரை இங்கே வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்றார்.

செண்பகத்திடம் வேலை நிச்சயம் என்று மட்டும் சொன்னேன். விலாச விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள்.

4-7-1946

கார்டு இல்லை.

12-7-1946, வெள்ளி

நேற்றிலிருந்து தபால்காரர்கள் ஸ்ட்ரைக். ஊரெங்கும் தபாலே இல்லையாம். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் இப்போதா? என் கார்டு எந்தச் சாக்கில் கிடக்கிறதோ.

19-7-1946, வெள்ளி

பொறுக்க முடியாமல் கம்பெனிக்குப் போனேன். நான் ரிவர்ஸ் எடுத்த அதே லாரி. சீட்டில் வேறு ஒருவன்.

வாசலில் ஷேக் பரீத் என்று மேலப்பாளையத்துப் பெரியவர், கம்பெனி பியூன். நான் பெயரைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “தபால்தான் இல்லயே தம்பி, அதான் நேத்து என்னயே அனுப்பினாவ. ரெண்டு மாடி ஏறி வந்தேன். வெயிலுமுத்துன்னு இங்க யாரும் கிடையாதுன்னுட்டாவ அந்தம்மா. மூணு மட்டம் கேட்டேன்.”

அவர் திரும்பி வந்து உள்ளதைச் சொல்லியிருக்கிறார். விலாசமே பொய் என்றால் இவனை நம்பி லாரியை எப்படிக் கொடுப்பது என்று மானேஜர் என் பாரத்தைக் கிழித்துவிட்டாராம். உள்ளே போய்ப் பேசிப் பார்க்கட்டுமா என்றேன். “வேண்டாம் தம்பி. போலீஸ்னு சொல்லுதாரு” என்றார்.

வடாலாவிலிருந்து நடந்தே வந்தேன். யாரைத் திட்டுவது? எழுதியது என் கை. எழுதாதே என்று சொன்னவர் சொல்லத்தான் செய்தார்.

20-7-1946, சனி

நேற்று ராத்திரி செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று அவள் அந்த வீட்டில் விசாரித்து வந்தாள். ஐயர் ஆபீஸ் அவசரத்தில் கார்டு விஷயத்தை வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். கதவைத் திறந்தது அவர் மனைவி பாகீரதி அம்மாள். அவர்களுக்கு என் பெயரே தெரியாது. இரண்டு வருஷமாக நான் அந்த வீட்டில் செண்பகத்தின் ஆம்படையான், அவ்வளவுதான். அந்தம்மாள் வருத்தப்பட்டார்களாம். உன் ஆம்படையான் பேர்னு தெரிஞ்சிருந்தா உட்காரவெச்சு ஆளனுப்பியிருப்பேனே என்றார்களாம்.

“ஏன் தெரியாது? உன்கிட்ட ஒருநாளும் கேக்கலையா?” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். “ரெண்டு மூணு மட்டம் கேட்டாவ. உங்க பேர நான் எப்படிச் சொல்லுவேன்? சிரிச்சிக்கிட்டே உள்ள போயிட்டேன்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் அம்மா சொன்னதில்லை, அக்கா சொன்னதில்லை, எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் புருஷன் பெயரைச் சொல்லியிருக்கிறாள்? போன வாரம் வரை இவளும் சொல்லியிருந்தால் எனக்கே பிடித்திருக்காது. விலாச விஷயத்தை நான் அவளிடம் முன்பே சொல்லியிருந்தால் அன்றே போய் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருப்பாள். மறைத்தது நான். கத்தியதும் நான். அவள் அரிசி களைந்தாள். 

30-7-1946

இன்னும் இரண்டு கம்பெனி. தாராவி என்று உண்மையைச் சொன்னேன்.

6-8-1946, செவ்வாய்

அய்யாத்துரையிடம் சரி என்று சொல்லிவிட்டேன். லைசென்ஸைப் பெட்டியில் வைத்தாயிற்று.

9-8-1946, வெள்ளி

மூன்றாம் நாள். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு அரித்துவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

மத்தியானம் செண்பகம் சோறு கொண்டுவந்தாள். கேட்டில் இருக்கும் வடநாட்டுக் காவல்காரப் பையா யாருக்கு என்று இந்தியில் கேட்டது குழிவரை காதில் விழுந்தது. முதலில் அவளிடமிருந்து சத்தமே இல்லை. அவன் அதட்டினான். அப்போது சொன்னாள், “வெயிலுமுத்து” என்று. அவனுக்கு விளங்கவில்லை போல. இன்னும் சத்தமாக, ஷாப் முழுக்கக் கேட்கும்படி, இன்னொரு தரம் சொன்னாள்.

குழியில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன்.